மகள் எம்.எல்.ஏ. ஆகணும் என்கிறாள்: பாப்பாக்குடி பக்கத்து அம்மாவுக்கு ஒரு பதில்

அம்மா, போன வாரம் மகளோடு வந்து உட்கார்ந்ததும் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை, "சார், இவ எம்.எல்.ஏ. ஆவாளாம், கொஞ்சம் புத்தி சொல்லுங்க" என்பதுதான். அன்று கூட்டம் அதிகம், நிதானமாகப் பேச முடியவில்லை. பீடி சுற்றிப் படிக்கவைத்த பிள்ளை இப்படிச் சொல்கிறதே என்று உங்களுக்குப் பதற்றம். அது நியாயம். ஆனால் அவளுடைய ஆசையிலும் நான் தப்பு காணவில்லை.

சட்டம் கேட்பது கொஞ்சம்தான். 25 வயது ஆகியிருக்க வேண்டும், தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். படிப்புத் தகுதி கிடையாது. டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000.

பணத்தைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கேட்டீர்கள். 2017-இல் உயர்த்தியபோது எம்.எல்.ஏ.வுக்கு மாதம் 1,05,000 ரூபாய் என்று ஆனது. ஒரு வேட்பாளர் சட்டப்படி செலவு செய்யலாம் என்று 2022-இல் வைத்த உச்சவரம்பு 40 லட்சம். அந்தச் சம்பளத்தை 38 மாதத்துக்கு மேல் அப்படியே எடுத்து வைத்தால்தான் அந்தத் தொகை வரும். தொகுதி மேம்பாட்டு நிதி 3 கோடி என்று ஊரில் பேசுவார்கள். அது கைக்கு வரும் காசு இல்லை. எந்த வேலை வேண்டும் என்று எம்.எல்.ஏ. பரிந்துரைப்பார், நடத்துவது மாவட்ட நிர்வாகம். ஆக, சம்பாதிக்க நினைத்து நேர்மையாக இந்த வேலைக்குப் போக வழியில்லை. அடுத்தவர் பணத்தில் தேர்தலில் நிற்பவர், ஜெயித்த மறுநாளே பணம் கொடுத்தவருக்குக் கடன்காரர். அதனால் உங்கள் மகளுக்கு முதலில் சோறு போடும் தொழில் ஒன்று வேண்டும். அது அரசியலுக்கு முட்டுக்கட்டை என்று அவள் நினைக்கிறாள். இல்லை அம்மா, யாரிடமும் கை நீட்டாமல் அவளை நிற்கவைக்கப் போவதே அந்தத் தொழில்தான்.

எந்தத் தொழில் என்பதில் ஒரு எச்சரிக்கை. அரசு வேலையில் சேர்ந்தால் கட்சியில் இருக்க முடியாது; தேர்தலில் நிற்க வேண்டுமானால் வேலையை விட வேண்டும். நீங்கள் டி.என்.பி.எஸ்.சி. என்று சொன்னபோது அவள் முகம் வாடியது இதனால்தான். என் கருத்து, சட்டப்படிப்பு. பிளஸ் டூ மார்க்கை வைத்தே ஐந்து வருடப் படிப்பில் சேரலாம், நம் திருநெல்வேலியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, கட்டணமும் தனியார் தொழிற்கல்லூரிகளைவிட மிகக் குறைவு. வக்கீலாக நின்றுகொண்டே அரசியல் செய்யலாம். சேரன்மகாதேவியிலிருந்து சட்டசபைக்குப் போய் 1985-இல் சபாநாயகரான பி.எச்.பாண்டியனும் வக்கீல்தான்.

சபாநாயகர் நாற்காலி நம் சீமைக்குப் புதிதில்லை. 1962-இல் செல்லப்பாண்டியன், பிறகு பி.எச்.பாண்டியன், 2006-இல் ஆவுடையப்பன், 2021-இல் அப்பாவு. நான்கு பேரில் ஒருவர்கூடப் பெண் இல்லை. இதை அவளிடம் சொல்லுங்கள்.

அப்பாவு 2016-இல் ராதாபுரத்தில் வெறும் 49 ஓட்டில் தோற்றதாக அறிவிக்கப்பட்டவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஐந்து வருடம் கழித்து அதே தொகுதியில் ஜெயித்தார். அந்த ஐந்து வருடம் வீட்டில் அடுப்பெரிய வேண்டாமா? அதற்குத்தான் தொழில் என்கிறேன்.

சரி, எம்.எல்.ஏ. என்னதான் செய்கிறார்? நாம் பார்ப்பது கோயில் கொடை, காதுகுத்து, துட்டி (சாவு) வீடு. அதற்கும் போகத்தான் வேண்டும், ஜனங்கள் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் அசல் வேலை கோட்டைக்குள். சட்ட மசோதாவைப் படித்துத் திருத்தம் கேட்பது, துறைகளுக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கையில் பேசுவது, கேள்வி நேரத்தில் அமைச்சரைப் பதில் சொல்லவைப்பது, பொதுக் கணக்குக் குழுவில் அரசு செலவழித்த ஒவ்வொரு ரூபாயையும் தோண்டுவது. பொறுமையும் வேண்டும். தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டத்தைப் பாருங்கள். வெள்ள நீரை ராதாபுரம், திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட நிலத்துக்குக் கொண்டுபோகும் கால்வாய். 2009-இல் அடிக்கல், 2025 பிப்ரவரியில்தான் திறப்பு. இடையில் மூன்று சட்டசபைத் தேர்தல் வந்து போனது. எந்த எம்.எல்.ஏ.வும் ஒரே பதவிக்காலத்தில் அதை முடித்திருக்க முடியாது.

நீங்கள் வாய்விட்டுச் சொல்லாத பயம் ஒன்று இருக்கிறது. "நீங்க எந்த ஆளுங்க?" என்றுதான் நம் பக்கத்தில் முதல் கேள்வி வரும். சீட்டு கொடுக்கும்போது கட்சிகளும் அந்தச் சாதிக் கணக்கைப் பார்க்கின்றன. பொம்பளப் பிள்ளை என்றால் பேச்சு இன்னும் மோசமாக வரும். இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். சட்டசபையில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று 2023-இல் சட்டத்திருத்தம் நிறைவேறியது. அது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை இரண்டையும் சார்ந்தது. அதை மட்டும் நம்பி அவள் காத்திருக்க வேண்டாம்.

ஏனென்றால் உங்கள் ஊராட்சியில் கதவு 21 வயதிலேயே திறக்கிறது. ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். வருடத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அங்கே வாசிக்கும் வரவு செலவைக் கேட்டு அவள் ஒரு நோட்டில் எழுதி வரட்டும். கூடவே, உங்களோடு பீடி சுற்றும் பெண்களுக்கு பி.எஃப். மனுவோ ஓய்வூதிய மனுவோ எழுதிக் கொடுத்து, திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குக் கூடப் போகட்டும். அந்த மனு எந்த மேசையில் நிற்கிறது என்று பின்தொடரவும் வேண்டும். எம்.எல்.ஏ. ஆனாலும் பாதி நேரம் இதே வேலைதான். இதில் சலிப்பு வருகிறதா, சந்தோஷம் வருகிறதா என்று ஒரு வருடத்தில் அவளுக்கே தெரிந்துவிடும்.

அப்புறம், அவளுக்கு 17 முடிந்துவிட்டது என்றீர்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ இப்போதே முன்கூட்டிக் கொடுக்கலாம். பிறந்த தேதிக்கான சான்றும் போட்டோவும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே அதை முடித்துவிடுங்கள். மார்க் ஷீட் வந்ததும் வருமானச் சான்றிதழோடு இரண்டு பேரும் வாருங்கள். சட்டக் கல்லூரி விண்ணப்பத்தைச் சேர்ந்து உட்கார்ந்து நிரப்புவோம்.