வெள்ளை விளக்கு எரிகிறது, படம் வரவில்லை

கேள்வி: கடலோர வீடு. பிளேஸ்டேஷன் 4 கேம் மெஷினை ஆன் செய்தால் வெள்ளை விளக்கு எரிகிறது, டி.வி.யில் படமே இல்லை. உள்ளே இருக்கும் மெயின் போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?
- வாசகர், குளச்சல்

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் வேறு கேபிள், வேறு டி.வி.யில் போட்டுப் பாருங்கள். பிறகு மெஷினை அணைத்துவிட்டு, இரண்டாவது பீப் கேட்கும்வரை, ஏறக்குறைய 7 விநாடி, பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். மெஷின் சேஃப் மோடில், அதாவது அடிப்படை வசதிகளோடு மட்டும், திறக்கும். அதில் படம் வந்தால் கோளாறு ரெசல்யூஷன் செட்டிங்கில்தான். கன்ட்ரோலரை யுஎஸ்பி ஒயரில் இணைத்து அங்கேயே மாற்றலாம்.

அப்போதும் இருட்டுதானா? டார்ச் அடித்து எச்டிஎம்ஐ போர்ட்டுக்குள் (மெஷினில் டி.வி. கேபிள் சொருகும் துளை) பாருங்கள். 19 பின்னும் மடங்காமல், மேலும் கீழுமாக இரண்டு வரிசையில் நிற்க வேண்டும். உங்கள் ஊர் உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மென்மையான பிரஷ்ஷில் தொட்டுத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்தபின் மின்சாரம் கொடுங்கள். மடங்கிய பின்னை ஊசியால் நிமிர்த்தாதீர்கள், முறியும். போர்ட்டை மாற்றுவதே சரி. நாகர்கோவிலில் செல்போன் போர்டுக்கு ஹாட் ஏர் வேலை (சூடான காற்றால் ஈயத்தை உருக்கிப் பாகம் மாற்றுவது) பார்ப்பவரிடம் கேளுங்கள். ஈயம் முழுதாக உருகுமுன் இழுத்தால் போர்டிலுள்ள பேட் (பின்னைப் பற்றவைக்கும் செம்புப் பட்டை) பெயர்ந்துவிடும், பிறகு செலவு ஏறும். போர்ட் நன்றாக இருந்தால், அருகிலுள்ள எச்டிஎம்ஐ சிப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

போர்டு மாற்றம் கடைசி வழி. பழைய ஹார்டு டிஸ்க் பழைய போர்டோடு பிணைந்தது. புதியதில் ஃபார்மட் கேட்கும், நகல் எடுக்காத கேம் சேவ் எல்லாம் போய்விடும்.