வாலெட்டாவில் கப்பல் ஒரு பகல் நின்றால்: கேள்வி பதில்

சொகுசுக் கப்பல் சமையலறையில் ஆறு வருடம் வேலை பார்த்தவன் நான். மால்டா நாட்டுத் தலைநகரான வாலெட்டாவில் கப்பல் நிற்கும்போதெல்லாம், இரண்டு வேளைச் சமையலுக்கு நடுவே கிடைக்கும் மூன்று மணி நேரத்தில் ஊரைச் சுற்றியே கற்றுக்கொண்டேன். மத்தியதரைக் கடல் பயணம் போகவிருக்கும் சிலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

கப்பல் விடியற்காலையில் துறைமுகத்துக்குள் நுழையுமாம். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா அண்ணே?

கட்டாயம் கெடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கேபினுக்கு ஜன்னல் கிடையாது. முதல் வருடம் முழுக்க இந்தக் காட்சியைப் பார்க்காமலே ஊருக்குள் போய் வந்தேன். ஒருநாள் மேல்தளத்துக்கு வேலையாக அனுப்பினார்கள். இருபுறமும் கோட்டை மதில், நடுவில் எங்கள் கப்பல். பச்சரிசி மாவு நிறத்தில் இருந்த கல், வெயில் பட்டதும் வறுத்த ரவை நிறத்துக்கு மாறியது. கையில் இருந்த தட்டை மறந்துவிட்டேன்.

இது கடலிலிருந்து வரும் எதிரியை மனதில் வைத்துக் கட்டிய ஊர். 1565-இல் துருக்கிய ஒட்டோமான் படை மே முதல் செப்டம்பர் வரை முற்றுகை போட்டது. அப்போது வாலெட்டா நிற்கும் இந்தக் குன்று கிட்டத்தட்ட வெறும் பாறை. முனையில் செயின்ட் எல்மோ கோட்டை மட்டும் இருந்தது. அது ஜூனில் விழுந்தது. ஆனால் எதிர்க்கரை ஊரான பிர்குவில் இருந்த செயின்ட் ஜான் வீரத்துறவிகள், அதாவது அப்போது மால்டாவை ஆண்ட கத்தோலிக்கப் போர்வீரர் சபையினர், கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. மறுபடி இந்தக் குன்றை எதிரிக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்று 1566 மார்ச் 28-இல் இங்கே அடிக்கல் நாட்டினார்கள். அவர்கள் தலைவர் லா வலெட்டின் பெயர்தான் ஊருக்கு. பாவம், ஊர் முடிவதற்குள் 1568-இல் அவர் இறந்துவிட்டார்.

உள்ளே வரும்போது வலப்பக்கம் செயின்ட் எல்மோ, இடப்பக்கம் ரிக்கசோலி கோட்டை. நீங்கள் வலப்பக்கம் நில்லுங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. ஊர் முழுக்கப் படிக்கட்டு என்கிறார்களே?

உண்மைதான். ஆனால் மேலே ஏற லிஃப்ட் இருக்கிறது. கப்பல் நிற்கும் இடத்திலிருந்து கரையோரமாகப் பத்து நிமிடம் போல நடந்தால் வரும். 58 மீட்டர் உயரம். அங்கே 1905-இல் போட்ட பழைய லிஃப்டை 1983-இல் பிரித்துவிட்டார்கள். இப்போது இருப்பது 2012-இல் வந்தது. அது கொண்டுபோய் விடுவது அப்பர் பரக்கா தோட்டத்தில். அங்கிருந்து பிரதான வீதியான ரிபப்ளிக் தெரு வரை அம்மாவால் மெதுவாக வந்துவிட முடியும். முதுகெலும்பு போல ஓடும் அந்தத் தெருவை விட்டுக் கடல் பக்கம் இறங்கும் குறுக்குத் தெருக்களில்தான் படிகள். அவற்றைப் பார்த்து ரசித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

மணி பன்னிரண்டுக்குத் தோட்டத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கீழ்த்தட்டில் வரிசையாகப் பீரங்கிகள் இருக்கும். பழைய காலச் சீருடையில் வந்து ஒன்றை வெடிப்பார்கள். அந்தக் காலத்தில் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்ட வெடி அது. சத்தம் பலமாக இருக்கும், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கவும்.

தேவாலயங்களாகப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. செயின்ட் ஜான் இணைப் பேராலயத்தை விட்டுவிடலாமா?

வேறு எதை வேண்டுமானாலும் விடுங்கள். வெளியே பார்த்தால் கிடங்கு மாதிரி மொட்டையாக இருக்கும். 1570-களில் ஜிரோலமோ கசார் கட்டியது. உள்ளே நுழைந்தால் கண் கூசும் தங்கம். காலடியில் நானூறு போலப் பளிங்குக் கல்லறைகள், பலவற்றில் எலும்புக்கூடும் சின்னங்களும் வண்ணக்கல்லில் பதித்தவை. ஊசிக் குதிகால் செருப்புக்கு அனுமதியில்லை.

அங்கே இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1608-இல் வரைந்த ஓவியம், திருமுழுக்கு யோவான் தலை வெட்டப்படும் காட்சி. அவர் கையெழுத்துப் போட்ட ஒரே ஓவியம் இதுதான். எங்கே போட்டார் என்று கிட்டப்போய்ப் பாருங்கள்: கழுத்திலிருந்து தரையில் வழியும் இரத்தத்தில். பெயருக்கு முன்னால் ஒரு ‘எஃப்’, சகோதரர் என்று பொருள். வீரத்துறவிகள் சபையில் சேர்ந்துவிட்ட பெருமை! அதே வருடமே அடிதடியில் மாட்டி, செயின்ட் ஏஞ்சலோ கோட்டையில் அடைபட்டு, தப்பி ஓடி, சபையிலிருந்தும் நீக்கப்பட்டார். நீக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது இந்த ஓவியம் இருக்கும் அறையிலேயே. ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாப் பயணிகளை விடமாட்டார்கள். கப்பல் என்றைக்கு வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ம்தினா என்ற பழைய தலைநகருக்கும் போய்வர நேரம் இருக்குமா?

இருக்கும், ஆனால் பேருந்திலேயே பாதி நேரம் போய்விடும். நானாக இருந்தால் அந்த நேரத்தில் எதிர்க்கரை பிர்குவுக்குப் போவேன். லிஃப்ட் அடிவாரத்துப் பக்கம் டைசா என்ற சின்னப் படகுகள் நிற்கும். பக்கவாட்டில் வண்ணம், இரு முனையும் தூக்கிக்கொண்டு நிற்கும். முன்பு துடுப்பு, இப்போது பெரும்பாலும் மோட்டார். சில யூரோதான், ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். நடுத் துறைமுகத்தில், தண்ணீர் மட்டத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால்தான் அந்த மதில்களின் உயரம் புரியும். கப்பலின் பத்தாவது மாடியிலிருந்து பார்த்தால் அது புரியாது.

இரண்டாம் உலகப்போரில் இங்கே என்ன நடந்தது சார்?

குண்டுமழையும் பட்டினியும். 1942 ஆகஸ்டில் உணவும் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு 14 கப்பல்கள் கிளம்பின, வந்து சேர்ந்தவை ஐந்து. கடைசியாக வந்தது ஒஹாயோ என்ற எண்ணெய்க் கப்பல். இன்ஜின் செத்து, மூழ்கும் நிலையில், இருபக்கமும் இரண்டு போர்க்கப்பல்களோடு கட்டித் தாங்கிக் கொண்டுவந்தார்கள். ஆகஸ்ட் 15, மாதா திருநாள். அதனால் மால்டாக்காரர்கள் அந்தக் கப்பல் அணியையே ‘சாந்தா மரீயா’ என்று சொல்வார்கள்.

சைவம் கிடைக்குமா?

பஸ்டிஸி வாங்குங்கள். நம் பேக்கரி பஃப்ஸுக்கு அண்ணன், இன்னும் மொறுமொறுப்பு. ரிகோட்டா பாலாடைக்கட்டி வைத்தது ஒன்று, மசித்த பட்டாணி வைத்தது ஒன்று. மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் உண்டு, கேட்டுவிட்டு வாங்கவும். சமையல்காரனாகச் சொல்கிறேன்: பட்டாணிதான். வாயில் வைக்கும் முன் ஆறவிடுங்கள்.

துபாயில் பத்து வருடம் இருந்தேன். அவர்கள் பேச்சு அரபி மாதிரி கேட்கிறதே?

சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். மால்டா மொழி அரபியிலிருந்து வந்து, இத்தாலியச் சொற்களை நிறையச் சேர்த்துக்கொண்டு, இலத்தீன் எழுத்தில் எழுதப்படுகிறது. கத்தோலிக்க நாடு, ஆனால் கடவுளுக்குச் சொல் ‘அல்லா’. ஆங்கிலமும் ஆட்சிமொழி, அதனால் சிரமம் இல்லை.

விசா?

ஷெங்கன், அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா. கப்பல் நடுவில் துனிசியா, துருக்கி மாதிரி ஷெங்கனுக்கு வெளியே போய்விட்டு வருகிறது என்றால், பலமுறை நுழையும் அனுமதி உள்ளதாக வாங்குங்கள்.

கப்பலுக்குத் திரும்ப எவ்வளவு முன்னால் வரவேண்டும்?

அறிவிக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கரைக்கு வந்துவிடுங்கள். கப்பல் கடிகாரமும் ஊர்க் கடிகாரமும் சிலசமயம் வேறாக இருக்கும். கைபேசி ஊர் நேரத்தைக் காட்டும். இந்தக் குழப்பத்தில் ஒரு தடவை நான் லிஃப்ட் வரிசையை விட்டுவிட்டு அத்தனை படியும் ஓடி இறங்கியிருக்கிறேன். அன்றைக்கு இரவு இருநூறு ஆம்லெட். முழங்கால் இரண்டும் நடுங்கிக்கொண்டே இருந்தன.