பிரிட்ஜ் ஏலக் குறிப்புகளை எதில் எழுதுவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பிரிட்ஜ் இருவர் இருவராகக் கூட்டுச் சேர்ந்து ஆடும் சீட்டாட்டம். ஆட்டத்துக்கு முன் நடக்கும் ஏலத்தில் ஒவ்வொரு கேட்பும் தன் கையைப் பற்றிக் கூட்டாளிக்குச் சொல்லும் செய்தி; எந்தக் கேட்புக்கு என்ன பொருள் என்று இருவரும் ஒப்புக்கொண்டு எழுதி வைப்பதே ஏலக் குறிப்பு. அந்தக் குறிப்புகளைக் கணினியில் எழுதி ஒழுங்குபடுத்துவது பற்றி வந்த மடல்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் தெளிவாக எழுதப்பட்ட மடலை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஏலக் குறிப்பு எழுத நல்ல மென்பொருள் ஒன்று சொல்லுங்கள். (பரந்தன்)

மடல் இவ்வளவுதான். உங்களிடம் இருப்பது கணினியா கைபேசியா, கூட்டாளி எதைப் பயன்படுத்துகிறார், எந்த முறையை ஆடுகிறீர்கள், இதுவரை எழுதியது எத்தனை பக்கம் என்று ஒன்றையுமே சொல்லவில்லை. மருந்துக் கடையில் போய் “நல்ல குளிசை ஒன்று தாருங்கள்” என்று கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. பொதுவாகச் சொல்லக்கூடியது ஒன்றே: ஏலக் குறிப்பு இருவருக்குரிய எழுத்து. ஆகவே நீங்கள் இருவரும் திறக்கவும் திருத்தவும் தேடவும் கூடிய மென்பொருளே உங்களுக்கு ஏற்றது. ஒருவருக்கு மட்டும் வசப்படுவது எவ்வளவு திறமானதாக இருந்தாலும் வேண்டாம்.

எக்செலில் கேட்புக்கு ஒரு வரி, கையின் பலத்தைக் காட்டும் புள்ளிக்கு ஒரு நிரல் என்று அமைத்தேன். 6-9 புள்ளி என்று அடித்தால் திகதியாக மாறிவிடுகிறது. கேட்புகளை வரிசைப்படுத்தினாலும் ஒழுங்கு குழம்புகிறது. (வவுனியா)

இது அக்கறையோடு எழுதப்பட்ட மடல். எக்செல் 6-9 என்பதைக் கணினியின் அமைப்பைப் பொறுத்து செப்டெம்பர் 6 என்றோ ஜூன் 9 என்றோ எடுத்துக்கொள்ளும். 10-12 இற்கும் அதே கதிதான். 15-17 தப்பிவிடும், ஏனெனில் அப்படி ஒரு மாதம் இல்லை. அடிப்பதற்கு முன்னரே அந்த நிரல் முழுவதையும் எழுத்து வகையாக மாற்றிவிடுங்கள். அடித்த பின் மாற்றினால் 45,000ஐத் தாண்டிய ஓர் எண்தான் மிஞ்சும்.

வரிசை குழம்புவதற்குக் காரணம், துரும்பில்லாத ஆட்டமான நோட்ரம்புக்கு நீங்கள் இடும் ‘என்’ என்ற எழுத்து. ஆங்கில அகரவரிசையில் கிளப்ஸின் ‘சி’, டயமண்டின் ‘டி’, ஹார்ட்ஸின் ‘எச்’, ஸ்பேட்ஸின் ‘எஸ்’ ஆகிய நான்கும் ஏல வரிசையிலேயே நிற்கின்றன. ‘என்’ மட்டும் ‘எஸ்’ இற்கு முன்னால் புகுந்துவிடுகிறது. நோட்ரம்புக்கு ‘எஸ்’ இற்கு அடுத்த எழுத்தான ‘ரி’யை இடுங்கள், 35 கேட்புகளும் தாமாகவே ஒழுங்கில் வந்து நிற்கும்.

நானும் கூட்டாளியும் 40 பக்கக் குறிப்பை வேர்டில் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருக்கிறோம். கைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகக் கிடக்கிறது. கைபேசியில் பாமினியை ஏற்றுவது எப்படி? (மல்லாவி)

ஏற்ற வேண்டாம். பாமினியை விட்டு வெளியே வாருங்கள். இதை நான் எத்தனையோ முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

பாமினியில் “அம்மா” என்று திரையில் நீங்கள் காணும் சொல், கோப்பின் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே கிடக்கிறது. எழுத்துரு அதற்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது, அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கைபேசியில் உருவம் விலகி உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடிலோ தமிழுக்கு 1991இல் வந்த முதற் பதிப்பிலிருந்தே தனி இடம் உண்டு. அதில் ‘அ’ எந்தக் கருவியிலும் ‘அ’ தான்.

மற்ற எழுத்துகளை விட ஏலக் குறிப்புக்கு இது பெரிய கேடு. எங்கள் குறிப்புகளில் தமிழ் விளக்கமும் ஆங்கிலச் சுருக்கமும் வரிக்கு வரி கலந்து வரும். எழுத்துருவை மாற்ற மறந்து ஸ்பேட்ஸுக்காகப் பெரிய ‘எஸ்’ அடித்தால் அங்கே ‘ளு’ வந்து நிற்கும். அதையாவது கண்ணால் பிடித்துவிடலாம். தேட முடியாத குறையோ கண்ணுக்குத் தெரியாமலே இருந்து கெடுக்கும்.

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். பாமினியில் கிடந்த எங்கள் பழைய குறிப்பில், நாம் 1 நோட்ரம்ப் தொடங்கி எதிரி 2 ஹார்ட்ஸ் கேட்டால் 3 கிளப்ஸின் பொருள் என்ன என்று ஒரு நாள் தேடினேன். கைபேசியில் யுனிகோட் தமிழில் அடித்த சொல்லுக்கு ஒன்றும் அகப்படவில்லை. எழுதாமல் விட்டிருக்கிறோம் என்று எண்ணி, லெபென்சோல் என்ற ஏலமுறையை ஆடுவதால் அது ஆட்டக் கட்டாயம் (ஆட்ட அளவை எட்டும்வரை பாஸ் சொல்லக் கூடாது) என்று 9ஆம் பக்கத்தில் புதிதாகச் சேர்த்தேன். 31ஆம் பக்கத்தில், லெபென்சோல் பழகுவதற்கு முன் எழுதிய வரி அப்படியே கிடந்தது: பலவீனம், பாஸ் சொல்லவும். போட்டியில் அதே ஏலம் வந்தது. நான் 3 கிளப்ஸ் கேட்டேன். கூட்டாளி 31ஆம் பக்கத்தைப் படித்துவிட்டு வந்தவர், பாஸ் சொன்னார். ஒன்பது பிடிகள் எண்ணி எடுக்கக்கூடிய 3 நோட்ரம்ப் கையிலேயே போயிற்று. அவர் மேல் ஒரு பிழையும் இல்லை; எங்கள் குறிப்பு இரண்டு பொருளைச் சொன்னது.

மாற்றும் வழி இது. முதலில் கோப்பைப் பிரதி எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. ஆனால் பக்கம் முழுவதையும் அள்ளிப் போட்டால் ஆங்கிலச் சுருக்கங்களும் தமிழாகிக் குழம்பிவிடும். வேர்டின் தேடல் பெட்டியில் எழுத்துருவின் பெயரைக் கொடுத்துத் தேடலாம். பாமினியில் உள்ள பகுதிகள் மட்டும் தெரிவாகும், அவற்றையே மாற்றுங்கள். பாமினி விசைப்பலகை கைக்குப் பழகிவிட்டதென்றால் அதை மறக்க வேண்டியதில்லை. என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருளில் அதே விசைகளை அடித்தே யுனிகோட் எழுத்தைப் பெறலாம். 40 பக்கத்துக்கு இரண்டு மூன்று மாலைப் பொழுதுகள் செலவாகும். முடிந்ததும் முதல் வரியில் திகதியை இடுங்கள்.

பி.எம்.எல். என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பழகத் தகுமா? (முல்லைத்தீவு)

பி.எம்.எல். என்பது ஏலக் குறிப்பை வெறும் எழுத்தில் எழுதும் ஒரு முறை. கணினியில் ஓரளவு கை பழகியவரானால் தகும். நோட்பாட் போன்ற வெறும் எழுத்துக் கோப்பில் 1 நோட்ரம்ப், 15-17 என்று ஒரு வரி எழுதுகிறீர்கள். அதன் கீழே சற்று உள்தள்ளி 2 கிளப்ஸ், ஸ்டேமன் (அந்தக் கேட்பு முறையின் பெயர்) என்றும், இன்னும் உள்தள்ளி அதற்கான மறுமொழிகளையும் எழுதுகிறீர்கள். எந்தப் பதில் எந்தக் கேட்புக்குரியது என்பதை உள்தள்ளலே காட்டிவிடும். பைத்தன் என்ற கணினி மொழியில் எழுதப்பட்ட நிரல் ஒன்று அதை இணையப் பக்கமாகவோ அச்சுக்கான லேட்டெக் கோப்பாகவோ ஆக்கித் தரும். கேட்புகளை ஆங்கில எழுத்தில்தான் குறிக்க வேண்டும். விளக்கம் தமிழில் இருக்கலாம். நிரல் நாளைக்கு இல்லாமற் போனாலும் மூலக் கோப்பை எந்தக் கருவியிலும் வாசிக்கலாம் என்பதற்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன். கூட்டாளிக்கு இதில் கை வராதென்றால் வேண்டாம்.

குறிப்பு கைபேசியிலேயே இருப்பதால் போட்டி மேசையில் ஐயம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம் அல்லவா? (புதுக்குடியிருப்பு)

கூடாது. ஏலமும் ஆட்டமும் நடக்கும்போது நினைவுக்குத் துணையாக எதையும் பார்க்க, போட்டியை நடத்தும் அமைப்பு அனுமதித்தாலன்றி, பிரிட்ஜின் விதி 40 இடம் தராது. உங்கள் ஏலமுறையைச் சுருக்கிச் சொல்லும் கன்வென்ஷன் அட்டையை எதிரிகள் பார்க்கலாம், நீங்கள் பார்க்க முடியாது. முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டத்தில் துரும்பைக் கவிழ்த்து வைத்துப் பழகிய எங்களுக்கு இது முதலில் விந்தையாகப்படும். பிரிட்ஜில் மறைத்து வைக்க உரியது கையில் உள்ள சீட்டு மட்டுமே. கேட்பின் பொருள் மேசையில் உள்ள நால்வருக்கும் பொது.

எங்கள் பக்கம் சிக்னல் நிலையாக இருப்பதில்லை. கூகுள் டொக்ஸ் சரிவருமா? (நெடுங்கேணி)

சரிவரும். இணைப்பு உள்ள இடத்தில் நிற்கும்போதே அந்தக் கோப்பை இணைப்பின்றித் திறக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். இருவரும் இணைப்பில்லாத நேரத்தில் ஒரே பந்தியைத் திருத்தினால் பின்னர் குழம்பும். ஆதலால் திருத்துபவர் ஒருவர், சரிபார்ப்பவர் மற்றவர் என்று வகுத்துக்கொள்வது நல்லது.

பிரதி இரண்டு இடங்களில் இருக்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வதற்கு வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. எனது முதல் ஏலக் குறிப்பு 80 பக்கக் கொப்பி ஒன்றில் பென்சிலால் எழுதியது. இடம்பெயர்ந்தபோது எடுத்துச் செல்ல வேண்டியவற்றின் வரிசையில் அதற்கு இடம் இருக்கவில்லை, இருந்திருக்கவும் முடியாது. அன்று ஒரு பிரதியாவது வெளியூர்க் கூட்டாளியிடம் இருந்திருந்தால் என்ற எண்ணம் இன்றும் உண்டு. இன்று உங்களுக்கு அது ஒரு மின்னஞ்சல் அனுப்பும் வேலை. மாதம் ஒரு முறை அனுப்புங்கள்.

சீட்டுச் சின்னங்களை நிறத்தோடு போட்டேன். கடையில் அச்சடித்தபோது சில பெட்டிகளாக வந்தன. போட்டோக்கொப்பியில் ஹார்ட்ஸும் டயமண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. (செட்டிகுளம்)

வேர்ட் கோப்பாகக் கொடுக்காமல் எழுத்துருவை உட்பொதித்த பி.டி.எஃப். ஆகக் கொடுங்கள், பெட்டிகள் வராது. நிறத்தை நம்பவே வேண்டாம். எழுதும்போது எழுத்துகளாகவே எழுதி, எல்லாம் முடிந்த பின் சின்னமாக மாற்றிக்கொள்ளலாம்.

வரக்கூடிய எல்லா ஏலங்களையும் பதிவு செய்ய எந்த மென்பொருள் தாங்கும்? (ஓமந்தை)

எதுவும் தாங்காது. வரக்கூடிய ஏலத் தொடர்களின் எண்ணிக்கை 48 இலக்க எண். புதிதாகச் சேர்ந்த கூட்டாளிகளுக்கு இருபது முப்பது பக்கம் போதும். தொடக்கக் கேட்புகள், முதற் பதில்கள், எதிரி குறுக்கிட்டால் எவை மாறும், எந்தக் கேட்பு கட்டாயம், எது கட்டாயமன்று என்பவற்றை எழுதுங்கள். எஞ்சியவற்றுக்குப் பொது விதி நாலைந்து போதும். உதாரணமாக, “முன்பு பேசாத கேட்பு எல்லாம் இயல்பான பொருளிலேயே கொள்ளப்படும்” என்று ஒரே வரி எழுதி இருவரும் ஒப்புக்கொண்டால் பத்துப் பக்கம் குறையும்.

ஸ்பேட்ஸ் என்று எழுதுவதா, ஊர் வழக்கில் இஸ்கோப்பன் என்று எழுதுவதா? (மாங்குளம்)

எதையும் எழுதுங்கள், ஆனால் கோப்பு முழுவதும் ஒன்றையே எழுதுங்கள். ஓரிடத்தில் ஸ்பேட்ஸ், வேறோரிடத்தில் இஸ்கோப்பன், மூன்றாமிடத்தில் ஸ்பேட் என்றிருந்தால் தேடும்போது பாதி அகப்படாது. ஸ்டேமன், டிரான்ஸ்ஃபர், பிளாக்வூட் முதலிய கேட்பு முறைப் பெயர்களின் எழுத்துக்கூட்டலையும் முதற் பக்கத்திலேயே, திகதிக்குக் கீழே, பட்டியலாக வைத்துவிடுங்கள்.