தோசைக்கல் சுட்டதே தெரியவில்லையா?

தோல் துணுக்குப் பரிசோதனை (பயாப்சி) அறிக்கையில் 'கிரானுலோமா' என்று இருக்கிறதே, இது புற்றுநோயா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். கிரானுலோமா புற்றுநோய் அல்ல. உடலால் சட்டென்று அழிக்க முடியாத கிருமியை எதிர்ப்பு அணுக்கள் சுற்றி வளைத்துக் கட்டும் சிறு முடிச்சு அது. புற்றுக்கட்டிகளின் பெயர்போல 'ஓமா' என்று முடிகிறதே என்று உங்கள் கணவர் இரவெல்லாம் இணையத்தில் தேடியது வீண் வேலை. நீங்கள் கூடவே எழுதியிருக்கும் முடி கொட்டுவதும் நகத்தில் வெள்ளைப் புள்ளி விழுவதும் இதில் சேராது. விட்டுவிடுங்கள்.

இடது முன்கையில் எட்டு மாதமாக இருக்கும் செம்பு நிறப் படையில் தோசைக்கல் பட்டது தெரியவே இல்லை, மறுநாள் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, முதலில் சொல்லியிருக்க வேண்டியது அதைத்தான்.

கிரானுலோமா காசநோயிலும் வரும், கிருமி எதுவும் இல்லாமலே இப்படி முடிச்சுகள் தோன்றும் சார்காய்டோசிஸ் என்ற நோயிலும் வரும், குத்திய முள் உள்ளே தங்கினாலும் வரும். அதனால் நுண்ணோக்கியில் முடிச்சு எந்த வடிவில், எதை ஒட்டி இருக்கிறது என்று பார்ப்பார்கள். உங்கள் அறிக்கையில் முடிச்சுகள் நீளவாட்டில் நரம்பிழையைத் தொடர்ந்து போகின்றன, நரம்பும் அரிபட்டிருக்கிறது. தோலில் உணர்ச்சியும் இல்லை. இரண்டையும் சேர்த்தால் நீங்கள் எழுதத் தயங்கிய அந்த நோய்தான்: தொழுநோய். 'ஃபைட் சாயத்தில் (இந்தக் கிருமியை நுண்ணோக்கியில் காட்டும் சாயம்) கிருமி இல்லை' என்ற வரியைப் பிடித்துக்கொண்டு தள்ளிப்போடாதீர்கள். இப்படி முடிச்சு கட்டும் உங்கள் வகைத் தொழுநோயில் கிருமி மிகச் சொற்பம், சாயத்தில் பெரும்பாலும் சிக்காது.

மகளுக்குத் தனிப் படுக்கை போட்டிருக்கிறீர்களாம். வேண்டாம் அம்மா, இன்றிரவே பக்கத்தில் படுக்க வையுங்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை இது. பெரும்பாலோர் உடம்பு இந்தக் கிருமியைத் தானே வென்றுவிடும். ஆனாலும் வீட்டில் எல்லோருடைய தோலையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பாக ஒரே வேளை ரிஃபாம்பிசின் என்ற மருந்து கொடுப்பார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டு மருந்து இலவசம். படைகளை எண்ணி, நரம்புகளைத் தடவிப் பார்த்து 6 மாதமா 12 மாதமா என்று முடிவு செய்வார்கள். முழுதாகக் குணமாகும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்கிய அந்தப் படர்தாமரைக் களிம்பைத் தூக்கிப் போடுங்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. சிவப்பை மங்க வைத்து ஐந்து மாதத்தைத் தின்றுவிட்டது. இதுபோல் களிம்பு பூசிப் பூசி, விரல் மடங்கிய பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

மருந்து தொடங்கிய பிறகும் ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். படை திடீரெனச் சிவந்து வீங்கினாலோ, முழங்கையின் உள்பக்கம் வலித்தாலோ, சுண்டுவிரல் பக்கம் மரத்தாலோ நரம்பு வீங்குகிறது என்று பொருள். கூட்டு மருந்தை நிறுத்தாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். நாள் கடந்தால் போன பலம் திரும்புவது கடினம். வாரம் ஒருமுறை இடது கை சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே ஒரு காகிதத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மகளை இழுக்கச் சொல்லுங்கள். வலது கையிலும் அப்படியே செய்து பாருங்கள். இடது கையில் மட்டும் சுலபமாக உருவ வந்தால், மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.