எலிசபெத் மறுபடி பிரித்த கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை இப்போதுதான் முழுதாகப் படித்து முடித்தேன். டார்சி முதல்முறை காதலைச் சொல்ல, எலிசபெத் முகத்தில் அடித்தாற்போல் மறுக்கும் இடம் மறக்க முடியாதது. உன் குடும்பம் என் தகுதிக்குக் குறைச்சல், இருந்தும் உன்னை விரும்புகிறேன் என்பவனுக்கு வேறென்ன பதில் கிடைக்கும்? ஆனால் மறுநாள் அவன் ஒரு கடிதத்தை நீட்டுகிறான், அவள் மனம் மாறிவிடுகிறது. இது எனக்கு ஒப்பவில்லை. டார்சி தனக்கு அநியாயம் செய்தான் என்று விக்கம் என்ற ராணுவ அதிகாரி சொன்னதை அப்படியே நம்பியவள், இப்போது டார்சி எழுதியதை அப்படியே நம்புகிறாள். ஆள்தான் மாறியிருக்கிறது. பணக்காரன் சொன்னால் உண்மையாகிவிடுமா?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

எல்லோரும் கொண்டாடுவது அந்த மறுப்பைத்தான். சினிமாவில் அதற்கு மழையெல்லாம் பெய்யும். நாவலில் அது ஒரு பாதிரியார் வீட்டில், தலைவலி என்று அவள் தனியாக உட்கார்ந்திருக்கும் சாயங்காலத்தில் நடக்கிறது. எனக்கு நாவலின் உச்சம் அதற்கு இரண்டு அத்தியாயம் தள்ளி இருக்கிறது. ஒருத்தி ஒற்றையாக நடந்துகொண்டே கடிதம் படிக்கிறாள், அவ்வளவுதான் சம்பவம். உங்கள் கேள்விக்கான பதிலும் அங்கேதான் கிடக்கிறது.

முதல் வாசிப்பில் அவள் எதையும் நம்பவில்லை. அடுத்த வரியில் என்னவோ என்கிற அவசரத்தில் இந்த வரி மனதில் ஏறவே இல்லை. விக்கம் பற்றிய பகுதி வந்ததும், பொய், இருக்கவே முடியாது என்று மடித்து வைக்கிறாள். இனி இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று முடிவும் செய்கிறாள். அரை நிமிஷம்தான். கடிதம் மறுபடி பிரிகிறது.

இப்போது ஒவ்வொரு வாக்கியமாக நின்று படிக்கிறாள். தனக்கென்று டார்சியின் அப்பா சொல்லிவைத்த தேவாலயப் பதவியை டார்சி தரவில்லை என்பது விக்கமின் புகார். அந்தப் பதவி வேண்டாமென்று அவனே விட்டுக்கொடுத்து, பதிலுக்கு 3,000 பவுண்டு வாங்கிக்கொண்டான் என்கிறது கடிதம். ஒருவன் சொல்லுக்கு எதிரே இன்னொருவன் சொல். இதுவரை நீங்கள் சொல்வது சரி.

அப்புறம் அவள் செய்வதைப் பாருங்கள். விக்கம் நல்லவன் என்பதற்கு ஒரு காரியமாவது நினைவில் இருக்கிறதா என்று தேடுகிறாள். அவன் முகம், குரல், பழகும் விதம் இவைதான் வருகின்றன. அவன் செய்த நல்லது என்று ஒன்றும் அகப்படவில்லை. சித்தி வீட்டில் அவனோடு பேசிய அந்த முதல் சாயங்காலம் திரும்ப வருகிறது. முந்தின நாள்தான் அறிமுகமான ஒரு பெண்ணிடம் தன் குடும்ப வழக்கையெல்லாம் கொட்டினானே, அது முறையா? டார்சிக்குப் பயந்து ஒதுங்க மாட்டேன் என்றவன், அடுத்த வாரமே, டார்சியின் நண்பன் பிங்லி குடியிருந்த நெதர்ஃபீல்டு மாளிகையின் நடன விருந்துக்கு வராமல் நழுவினான். டார்சியின் அப்பா மேல் உள்ள மரியாதையால் மகனை அம்பலப்படுத்த மாட்டேன் என்றவன், நெதர்ஃபீல்டுக்காரர்கள் ஊரைவிட்டுப் போனதுமே கதையை ஊர் முழுக்கப் பரப்பினான்.

இதில் ஒன்றுகூட டார்சி எடுத்துச் சொன்னதல்ல. எல்லாம் அவள் காதால் கேட்டது, கண்ணால் கண்டது. 16ஆம் அத்தியாயத்தில் நாமும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டோம், உச்சுக் கொட்டினோம். ஆஸ்டின் அங்கே எதையும் ஒளித்துவைக்கவில்லை. 1813இல் வெளியான நாவல் இன்றைக்கும் புது வாசகரை இப்படிச் சாய்த்துவிடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

சாட்சி வேறு இருக்கிறது. டார்சியின் உறவினர் கர்னல் ஃபிட்ஸ்வில்லியமுக்கு எல்லாம் தெரியும், அவரைக் கேட்டுக்கொள் என்கிறது கடிதம். கேட்கலாமா என்று யோசித்து விட்டுவிடுகிறாள். கேட்பது சங்கடம். அவர் ஆமாம் என்பார் என்ற நிச்சயம் இல்லாமல் டார்சி அந்தப் பெயரைச் சொல்லியிருக்கவும் மாட்டான். இரண்டு மணி நேரம் அலைந்துவிட்டு வீடு திரும்பினால், விடைபெற வந்த கர்னல் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டாராம். வருத்தப்படுவதுபோல் காட்டிக்கொள்கிறாள், உள்ளூர சந்தோஷம்தான். சாட்சி தேவைப்படாத இடத்துக்கு அதற்குள் வந்துவிட்டாள்.

ஏன் ஏமாந்தோம் என்பதையும் அவளே கண்டுபிடிக்கிறாள். ஒருவன் தேடி வந்து பேசினான். இன்னொருவன், தன்னை ஆட வைக்கும் அளவுக்கு இவள் அழகில்லை என்று அவள் காதுபடச் சொன்னான். முதலாமவன் நல்லவனாகவும் மற்றவன் கெட்டவனாகவும் ஆனதற்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. இதைத் தனக்குத் தானே ஒப்புக்கொள்ள எவ்வளவு நேர்மை வேண்டும்! பணத்துக்கு மசியும் பெண்ணால் இது முடியாது.

இன்னொன்று. மனம் மாறிவிட்டது என்கிறீர்களே, டார்சியை மறுத்ததற்காக அவள் ஒரு கணம்கூட வருந்தவில்லை. அவனை மறுபடி பார்க்கவும் ஆசைப்படவில்லை. காதல் வேறு இடத்தில், வேறு காரணங்களால் பிறகு வருகிறது.

உங்கள் கோபம் நியாயமாகும் இடம் ஒன்று உண்டு. அது எலிசபெத்தின் அக்கா ஜேன் விஷயம். அவளுடைய அமைதியான முகத்தைப் பார்த்துவிட்டு, இவளுக்கு பிங்லி மேல் பிரியமில்லை என்று டார்சி தீர்மானித்தான், நண்பனைப் பிரித்தான். ஜேன் லண்டனில் இருப்பதையும் அவனிடம் மறைத்தான். விக்கமின் சிரித்த முகத்தில் எலிசபெத் ஏமாந்த மாதிரிதான் இதுவும். பல மாதம் கழித்து அக்கா தங்கையின் லாங்போர்ன் வீட்டுக்கு வந்து ஜேனை மறுபடி கவனித்த பிறகே, நான் நினைத்தது தப்பு என்று பிங்லியிடம் ஒப்புக்கொள்கிறான். அதுவரை அந்தப் பெண் யாரிடமும் குறை சொல்லாமல் உள்ளுக்குள் வாடிக்கொண்டிருந்தாள். அந்த மாதங்களுக்காக டார்சியை நீங்கள் மன்னிக்கவில்லை என்றால், நானும் உங்கள் கட்சிதான்.