மின்விசிறி அறையைக் குளிர்விக்குமா?

கேள்வி: என் அப்பத்தாவுக்கு 76 வயது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கானாடுகாத்தானில் பழைய வீட்டில் இருக்கிறார். கத்திரி வெயிலில், மதியம் அறையைச் சாத்திக்கொண்டு மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டுப் படுக்கிறார். எழுந்தால் தலை சுற்றுகிறது. வளவில், அதாவது வானம் பார்த்த நடுமுற்றத்துப் பக்கம், படுக்கச் சொன்னால், “கதவெல்லாம் படார் படாரென்று அடிக்கிறது. அந்தக் காற்றழுத்தம் எனக்கு அழுத்தத்தை ஏற்றிவிடும்” என்கிறார். உண்மையா?
வாசகி, காரைக்குடி

பதில்: இரண்டு அழுத்தத்துக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் நேர்கோட்டில் இருக்கும் வீட்டில் காற்று விரைந்து ஓடும்போது கதவின் இரு பக்கமும் அழுத்தம் லேசாக மாறுபடும். பலகை அகலமாக இருப்பதால் அந்தச் சிறு வேறுபாடே ஓரிரு கிலோ எடை வைத்துத் தள்ளியது போல ஆகி, கதவை அறைந்து சாத்துகிறது. அதையே இரத்த அழுத்தக் கருவியின் கணக்கில் சொன்னால் 0.1 மில்லிமீட்டர்கூடத் தேறாது. சத்தத்தில் திடுக்கிட்டால் அழுத்தம் சில நொடிகள் ஏறும்தான். அதற்குக் கதவடியில் ஒரு கல்லை முட்டுக்கொடுத்தால் போதும்.

எனக்குக் கவலை அந்தச் சாத்திய அறைதான். மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. அதன் மோட்டார் கொஞ்சம் சூட்டைச் சேர்க்கவே செய்கிறது. வீட்டில் சுவர் வெப்பமானி இருந்தால் விசிறிக்கு அடியில் தொங்கவிட்டுப் பாருங்கள், அளவு இறங்காது. அதன் குமிழில் ஈரத்துணியைச் சுற்றுங்கள், இறங்கும். நம் தோலில் அந்த ஈரத்துணியின் வேலையைச் செய்வது வியர்வை. அது ஆவியாகும்போது உடல் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஓடும் காற்று அதை விரைவுபடுத்துகிறது. ஆனால் வயதானவர்களுக்கு வியர்வை குறைவு, தாகமும் சரியாகத் தெரியாது. காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால் விசிறி வெப்பத்தை உடல்மேல் வாரி இறைக்கும். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் விசிறியை நம்ப வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

ஆகவே வளவே மேல். சுடும் காற்று முற்றத்தின் திறந்த மேற்புறம் வழியாக மேலே போக, நிழலில் கிடந்த காற்று அந்த இடத்துக்கு வரும். முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரமான பத்தியின் நிழலில், ஆத்தங்குடித் தரைக்கல்மேல் பாயை விரித்துப் படுக்கட்டும். கை, கழுத்து, முகத்தை ஈரத்துணியால் அடிக்கடி துடைத்துவிட்டு, மிதமான வேகத்தில் ஒரு மேசை விசிறி வைக்கலாம்.

தலைசுற்றலுக்கு அழுத்தம் ஏறியதைவிட இறங்கியதே காரணமாக இருக்கக்கூடும். வெயிலில் இரத்தக் குழாய்கள் விரியும், உடலில் நீர் குறையும், அதன்மேல் மாத்திரையும் வேலை செய்யும். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்ற 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் அழுத்தம் பார்த்து, அந்த எண்களோடு இந்த வாரமே அவருடைய மருத்துவரிடம் போங்கள். கோடைக்கு மாத்திரை அளவைக் குறைப்பதா என்று அவர் முடிவு செய்வார், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்றும் கேளுங்கள், இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால் அளவு மாறும்.

உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினாலோ ஆளை அடையாளம் தெரியாமல் போனாலோ அது வெப்பத் தாக்கு. உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறுங்கள், வாயில் ஊற்றாதீர்கள்.