7,000 எம்பி வேக எஸ்எஸ்டி: கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: 2019-இல் வாங்கிய லேப்டாப். 1 டிபி ஹார்ட் டிஸ்க், 8 ஜிபி ரேம். பிரவுசர், எக்செல், டேலி, போனில் எடுத்த படங்களைச் சேமிப்பது, இவ்வளவுதான் வேலை. ஆன் ஆகவே மூன்று நிமிடம் பிடிக்கிறது. ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி (சிப்பில் சேமிக்கும் வேகமான டிஸ்க்) மாற்றலாம் என்று போனால், நொடிக்கு 7,000 எம்பி ஓடும் ஜென்4 தான் நல்லது என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: எஸ்எஸ்டி கட்டாயம் மாற்றுங்கள், ஜென்4-க்கென்று கூடுதல் காசு தராதீர்கள். 2019 லேப்டாப்புகளில் இருப்பது பிசிஐஇ 3.0, அதாவது எஸ்எஸ்டியை இணைக்கும் பாதையின் மூன்றாம் தலைமுறை; ஜென்4 என்பது நான்காவது. ஜென்4 எஸ்எஸ்டி அதில் வேலை செய்யும், ஆனால் சுமார் 3,500 எம்பியைத் தாண்டாது.

புது லேப்டாப் என்றாலும் உங்கள் வேலைக்குப் பதில் பெரிதாக மாறாது. அட்டையில் போட்டிருக்கும் 7,000, ஒரே பெரிய ஃபைலைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம். விண்டோஸ் எழும்போதும் டேலி திறக்கும்போதும் நடப்பது வேறு: 4 கேபி அளவிலான ஆயிரக்கணக்கான துண்டுகளை அங்கங்கே தேடிப் படிப்பது. இந்த வேலையில் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 1 எம்பிகூடத் தேறாது. சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் ஓடும் சாதாரண எஸ்எஸ்டி 30 முதல் 40 எம்பி, பிசிஐஇ பாதையில் ஓடும் என்விஎம்இ வகைகள் (ஜென்4-உம் இதில்தான்) ஏறக்குறைய 50 முதல் 90. முதல் தாவலில் லேப்டாப்பே புதிதாகிவிடும்; அதற்கு மேல் ஏறுவதைக் கைக்கடிகாரம் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். போன் படங்களுக்கும் அப்படித்தான். பல போன்களின் யூஎஸ்பி 2.0 கேபிளில் 40 எம்பி வந்தாலே அதிகம். தினமும் 4கே வீடியோ எடிட் செய்பவர்களுக்குத்தான் ஜென்4 காசுக்குத் தகும்.

மிச்சமாகும் பணத்தில் 512 ஜிபிக்குப் பதில் 1 டிபி வாங்குங்கள், அதுவும் டிஎல்சி (ஒரு செல்லில் மூன்று பிட் சேமிக்கும் சிப்) வகையாக. மலிவான க்யூஎல்சி (செல்லுக்கு நான்கு பிட்) முதலில் பறக்கும். 100 ஜிபி காப்பி செய்யும்போது கேஷ் (வேகமாக எழுத ஒதுக்கிய தற்காலிக இடம்) நிரம்பியதும் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கே இறங்கிவிடலாம். ஆயுள் பயம் வேண்டாம்: 1 டிபி டிஎல்சி பலவற்றில் 600 டிபி எழுதலாம் என்று உத்தரவாதம் இருக்கும். நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் 80 ஆண்டு வரும்.

வாங்குமுன் எம்.2 ஸ்லாட் (சிறிய அட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) இருக்கிறதா என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். அது சாட்டா மட்டும் ஏற்பதா, என்விஎம்இ ஏற்பதா என்பது முக்கியம். மாறிப் போனால் பல சமயம் கச்சிதமாகப் பொருந்தும், பயாஸில் (ஆன் ஆனதும் முதலில் ஓடும் அமைப்புத் திரை) மட்டும் தெரியாது. நீளத்தையும் பாருங்கள், 2280 என்றால் 80 மி.மீ., 2242 என்றால் 42. காலி ஸ்லாட்டில் பிடிமான ஸ்க்ரூ பெரும்பாலும் இருக்காது, கடையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். ஸ்லாட்டே இல்லையா? 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்திலேயே உட்காரும்.

பழைய டிஸ்கில் இருப்பதை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுக்குமுன் (குளோன்), கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பழைய டிஸ்கின் நிலையைப் பாருங்கள். மஞ்சள் காட்டினால் குளோன் பாதியில் நிற்கலாம். ஃபைல்களை மட்டும் வெளியே எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நல்லது. பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள். லேப்டாப்பைத் திறந்ததும் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். குளோன் முடிந்து முதல் முறை ஆன் செய்யும்போது பழைய டிஸ்க் உள்ளே இருக்கக் கூடாது. இருந்தால் பல சமயம் அதிலிருந்தே விண்டோஸ் எழும், எஸ்எஸ்டி போட்டும் வேகமில்லையே என்று தோன்றும்.